முதியோர் பெருகும் நாட்டில் எந்த வரியைக் கூட்டுவது? வற் வரியா, சம்பளமா, வட்டியா, வீடு வளவா?

பென்ஷன், மருந்து, கிளினிக், முதியோர் கொடுப்பனவு, படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க ஒரு ஆள் என்று இத்தனைக்கும் வேண்டிய காசை இனி யாரிடம் எடுப்பது என்பதை நாம் இப்போதே பேசாவிட்டால், கொழும்பில் ஒரு நாள் இரவோடு இரவாக வற் என்கிற பெறுமதி சேர் வரியை, அதாவது சாமான் விலைக்குள்ளேயே சேர்ந்து வரும் வரியை, கூட்டி அலுவலை முடித்துவிடுவார்கள். இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. அதனால்தான் திருகோணமலையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். வரிக் கொள்கை என்றால் பொருளியல் படித்தவர்களின் அலுவல் என்று நாங்கள் ஒதுங்கியிருந்துவிட்டோம், ஆனால் அந்தக் காசு எங்கள் அப்பா அம்மாவின் கையிலிருந்துதான் போகிறது.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் 2012 குடிசன மதிப்பீட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் 7.9 சதவீதம். 2024 கணக்கெடுப்பில் அது 12.6 சதவீதம். அதே காலத்தில் பிறப்பு குறைந்துகொண்டே வந்தது. 2012இல் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை இலட்சம் பிள்ளைகள் பிறந்த நாட்டில் 2023இல் இரண்டரை இலட்சம்கூட இல்லை. போதாக்குறைக்கு 2022இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேலானவர்கள் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள். அதாவது வரி கட்டும் வயதில் இருப்பவர்கள் குறைகிறார்கள், வரிக் காசில் வாழ வேண்டியவர்கள் கூடுகிறார்கள். ஜப்பானுக்கும் இதே நிலைமை வந்தது, ஆனால் ஜப்பான் பணக்கார நாடாகிய பிறகுதான் வயதாகியது. நாங்கள் 2022 ஏப்ரலில் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்துவிட்டு வயதாகிக்கொண்டிருக்கிறோம்.

கையில் இருக்கிற வழிகள் என்று பார்த்தால் நான்கு. வற்றைக் கூட்டலாம், சம்பளத்திலிருந்து கூடுதலாகப் பிடிக்கலாம், சேமிப்பு வட்டியிலும் வருமானத்திலும் கை வைக்கலாம், காணி வீட்டுக்கு வரி போடலாம். ஓய்வு வயதை ஏற்றுவது வரி இல்லை என்றாலும் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வற்றிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அரசாங்கத்துக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2019 டிசம்பரில் 15 சதவீதமாக இருந்ததை 8 ஆகக் குறைத்தார்கள். வரி வருமானம் கவிழ்ந்தது. பிறகு 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரி முதலாம் திகதி 18. எட்டிலிருந்து பதினெட்டுக்கு வர இரண்டு ஆண்டுகூட எடுக்கவில்லை. ஜப்பான் 1989இல் 3 சதவீதத்தில் தொடங்கிய நுகர்வு வரியை 1997இல் 5, 2014இல் 8, 2019 ஒக்டோபரில் 10 என்று முப்பது ஆண்டு எடுத்துத்தான் ஏற்றியது. அதிலும் சாப்பாட்டுச் சாமானுக்கு 8 என்றே நிறுத்திக்கொண்டது. அதைவிட முக்கியம், கூட்டிய வரிக் காசு ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் முதியோர் பராமரிப்புக்கும் பிள்ளை வளர்ப்புக்கும்தான் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். எங்கள் வற் எங்கே போகிறது என்று யாராவது காட்டியிருக்கிறார்களா? ஒரே பெட்டிக்குள் போகிறது, அங்கிருந்து கடன் வட்டிக்கும் போகிறது, வேறு எதற்கெல்லாமோ போகிறது.

வற்றுக்குச் சார்பாகச் சொல்லக்கூடியதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அதை ஏமாற்றுவது கடினம். நிலாவெளியில் வந்து தங்குகிற வெள்ளைக்காரரும் கட்டுகிறார், சம்பளம் இல்லாமலே பெரிய செலவு செய்கிறவரும் கட்டுகிறார். உழைப்பவர் குறையும் நாட்டில் உழைப்பை விட்டுவிட்டுச் செலவுக்கு வரி போடுவது சரி என்று சொல்லும் பொருளியலாளர்களின் நியாயம் எனக்கு விளங்குகிறது.

ஆனால் ஒரு கணக்குப் பாருங்கள். 70 வயதைத் தாண்டிய, வேறு பென்ஷன் இல்லாத ஏழை முதியவருக்கு அரசாங்கம் கொடுக்கும் மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபா. மூதூரில் இருக்கும் ஒரு கடற்றொழிலாளியின் விதவை அதை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீனும் கீரையும் சந்தையில் வாங்குகிறார், அதற்கு வற் இல்லை. சவர்க்காரம், பிஸ்கட், போனுக்கு ரீலோட், மகள் வீட்டில் சேர்ந்து எடுக்கும் காஸ் சிலிண்டரில் தன் பங்கு என்று 3,000 ரூபா போகிறது. அதற்குள் 18 சதவீத வற் ஒளிந்திருக்கிறது, கணக்குப் போட்டால் ஏறக்குறைய 457 ரூபா. ஒரு கையால் கொடுத்த ஐயாயிரத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கை அரசாங்கம் மறு கையால் அந்த மாதமே திருப்பி எடுத்துவிடுகிறது. சந்திக் கடைக்காரர் வற் பதிவு இல்லாதவர்தானே என்று கேட்பீர்கள். ஆண்டுக்கு 6 கோடி ரூபாவுக்கு மேல் விற்றால்தான் பதிய வேண்டும் என்று 2024இல் எல்லை வைத்தார்கள், அது உண்மைதான். ஆனால் கம்பனி அவருக்குக் கொடுக்கும்போதே வற்றைப் போட்டுத்தான் கொடுக்கிறது. கடைக்காரர் அதை விலையில் சேர்க்காமல் எங்கே போவார்?

ஆகவே இருக்கிற 18ஐக் குறைக்க இப்போதைக்கு வழியில்லை என்பதை ஏற்கிறேன், ஆனால் முதியோரைப் பார்க்கவென்று சொல்லி இதற்கு மேல் ஒரு சதம்கூடக் கூட்டக்கூடாது.

அடுத்தது சம்பளம். இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் இங்கே பிழிய அதிகம் மிச்சமில்லை. தனியார் துறையில் ஒரு இலட்சம் சம்பளம் எடுப்பவருக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈபிஎஃப்) அவர் 8,000, முதலாளி 12,000, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3,000 என்று ஏற்கெனவே 23,000 போகிறது. இதைக் கூட்டினால் முதலாளி என்ன செய்வார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும், ஆளை நாள்கூலியில் வைத்துக்கொண்டு ஈபிஎஃப் போடாமல் விட்டுவிடுவார். நாட்டில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் இப்போதே அப்படித்தான், எந்தப் பதிவும் இல்லாமல் இருக்கிறார்கள். இன்னொன்று, ஈபிஎஃப் காசு ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் மொத்தமாகக் கைக்கு வந்துவிடுகிறது. வந்த காசில் மகளுக்கு வீட்டைக் கட்டி முடிப்பார்கள், மிச்சத்தில் கலியாணம் செய்து வைப்பார்கள். எழுபது வயதில் அந்தக் காசு இருக்காது. இந்த நிதியை மாதாமாதம் வரும் ஓய்வூதியமாக ஒரு பங்காவது மாற்றிக்கொள்ளும் வசதி வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் அது வேறு கட்டுரை.

விவசாயிகளுக்கு 1987இல், மீனவர்களுக்கு 1990இல் என்று ஓய்வூதியத் திட்டங்கள் வந்தன. நல்ல எண்ணத்தில் வந்தவைதான். கட்டிய தவணை சிறியது, வாக்குக் கொடுத்த தொகையோ காலத்துக்கும் ஒன்றாகவே நின்றது, விலைவாசி ஏற ஏற அந்தத் தொகை ஒன்றுக்கும் உதவாமல் போனது. தம்பலகாமத்தில் வயல் செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

அரசாங்க பென்ஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. விதவைகள் அநாதைகள் ஓய்வூதியத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள், ஆனால் பென்ஷனுக்கு என்று தனி நிதி எதுவும் இல்லை, ஏறக்குறைய ஏழு இலட்சம் பேருக்கு மாதாமாதம் வரிக் காசிலிருந்துதான் போகிறது. அந்தப் பென்ஷனுக்கு வருமான வரியும் இல்லை. இதை வெட்டவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் கத்திய ஆசிரியருக்கு அது உரிமை. ஆனால் பென்ஷன் எடுப்பவரின் பென்ஷனைக் கட்டுவதில் பென்ஷன் இல்லாத அந்த மூதூர் அம்மாவின் 457 ரூபாவும் இருக்கிறது என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம்.

சரி, வட்டிக்கு வருவோம். திருகோணமலையில் இதுதான் இப்போது அதிகம் பேசப்படுகிறது, ஏனென்றால் ரிட்டயர் ஆனவர்களில் பலர் நிலையான வைப்பு வட்டியில்தான் வீட்டை ஓட்டுகிறார்கள். முதியோருக்கு 15 சதவீத விசேட வட்டி இருந்தது, 2022இல் அது நின்றது. அந்த நெருக்கடியில் சந்தை வட்டியே இருபதைத் தாண்டிப் போனதால் பலருக்கு அது தெரியவில்லை. பிறகு வட்டி எட்டுக்கு இறங்கியபோதுதான் தெரிந்தது. 20 இலட்சம் போட்டு வைத்த ஒருவருக்கு 8 சதவீதத்தில் ஆண்டுக்கு 1,60,000 ரூபா, மாதத்துக்குப் பதின்மூன்றாயிரம் சொச்சம். அதில் 2025 ஏப்ரலிலிருந்து 10 சதவீதம், அதாவது 16,000 ரூபா, வங்கியே பிடித்துவிடுகிறது. முன்பு அது 5 சதவீதம். மொத்த வருமானம் ஆண்டுக்கு 18 இலட்சத்துக்குள் இருப்பவர் வங்கியில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். உங்கள் வீட்டில் இப்படி யாராவது இருந்தால் இதைப் படித்து முடித்ததும் அந்தப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள், பலர் வெறுமனே காசை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜூலையிலிருந்து பத்து இலட்சம் வரையான வைப்புக்கு முதியோருக்குச் சந்தை வட்டிக்கு மேல் 3 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும் திட்டமும் வந்திருக்கிறது, அதையும் கேளுங்கள்.

இந்த வழி எனக்குப் பிடிக்காததற்குக் காரணம், பெரிய பணக்காரரையும் கொஞ்சமாகச் சேர்த்துவைத்த ஆசிரியையையும் ஒரே அளவில் பிடித்துவிட்டு, பிறகு பத்திரம் கொடுத்து நீயே தப்பித்துக்கொள் என்று சொல்வது. எழுபத்தைந்து வயதில், கண் சரியாகத் தெரியாதவர், வரிப் பதிவுக்கான டின் இலக்கம் எடுத்து, பத்திரம் நிரப்பி, வரிசையில் நிற்க வேண்டுமா? வருமான வரியைக் கூட்டுவது கொள்கையளவில் நேர்மையானதுதான், ஆனால் 2025 ஏப்ரலில் விலக்கு எல்லையை மாதம் ஒன்றரை இலட்சத்துக்கு ஏற்றிய பிறகு கட்டுபவர் எண்ணிக்கை சிறியது, உச்ச விகிதமோ ஏற்கெனவே 36. இன்னும் ஏற்றினால் டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் விசாவுக்குப் போட்டுவிட்டு நிற்பார்கள், 2023இல் அதைக் கண்ணால் கண்டோம்.

இனி, நான் சரியென்று நினைப்பது. காணிக்கும் வீட்டுக்கும் ஆண்டு வரி.

புதிய விடயம் ஒன்றும் இல்லை. பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனையில் 1959இலேயே இந்த நாட்டில் சொத்து வரியும் கொடை வரியும் வந்தன. இறந்தவரின் சொத்து மீதான வரி 1985இல் ஒழிந்தது, சொத்து வரி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் போனது. இன்று இந்த நாட்டில் எத்தனை ஏக்கர், எத்தனை மாடி வைத்திருந்தாலும் வைத்திருப்பதற்கென்று கொழும்புக்கு ஒரு சதம் கட்டவேண்டியதில்லை. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் நாடு முழுவதற்கும் ஆதன வரியும் (காணி, வீட்டு வரி), கொடைக்கும் பரம்பரைச் சொத்துக்கும் வரியும் 2025க்குள் கொண்டுவருவதாக அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. பிறகு இழுபட்டது.

பரம்பரைச் சொத்து வரியா, ஆண்டு வரியா என்பதில் எங்கள் பக்கத்துக்கு ஒரு தனி நியாயம் இருக்கிறது. ஜப்பானில் உச்ச விகிதம் 55 சதவீதம், 2015இல் விலக்கையும் குறைத்துக் கூடுதல் பேரை உள்ளே கொண்டுவந்தார்கள். அங்கே அது சரிவரும், சொத்து மரணத்தோடு கைமாறுகிறது. கிழக்கில் அப்படியா? இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. தாய் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி முடித்து, சாகும் வரை அதிலேயே இருக்கும் சீவிய உரித்தைத் தங்களுக்கு வைத்துக்கொண்டு எழுதிவிடுவார்கள். மரண வரி போட்டால் யாரும் அகப்படமாட்டார்கள், கொடை வரி போட்டால் கூலி வேலை செய்து மகளுக்கு இரண்டு அறை கட்டிக் கொடுத்தவர் அகப்படுவார். உறுதியில் விலையைக் குறைத்து எழுதும் பழக்கமோ முத்திரைத் தீர்வைக்காக இப்போதே உண்டு. அதனால் கைமாறும்போது பிடிப்பதைவிட, ஆண்டுதோறும் சிறிதாக, பெறுமதியை வைத்துப் பிடிப்பதே இங்கே பொருந்தும்.

ஆனால் வீட்டுக்கு வரி என்றதும் வருகிற பயம் நியாயமானது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா இருக்கிறார், எண்பதுக்குக் கிட்ட. ஐந்து அறை வீடு, மாமரம், கிணறு. பிள்ளைகள் கனடாவில். உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலை வரியின் ரசீதுகளை ஒரு பழைய மைலோ டின்னுக்குள் ஆண்டு வாரியாக நூல் கட்டி வைத்திருக்கிறார். ஜனவரி 31க்குள் முழு ஆண்டுக்கும் கட்டினால் பத்து சதவீதம் கழிவு என்பதற்காக, தைப்பொங்கல் முடிந்த கையோடு ஓட்டோ பிடித்துப் போய்க் கட்டிவிடுவார். அவர் வீட்டின் விலை இன்று கோடிக்கணக்கில், கையிலோ மருந்துக் காசுதான். இப்படிப்பட்டவரிடம் பெரிய வரியைக் கேட்டால் வீட்டை விற்கத்தான் வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது, உலகத்தில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைத் தாண்டியவர் தன் வீட்டு வரியைப் பின்போடலாம், வீடு கைமாறும்போது வட்டியோடு சேர்த்துத் தீர்க்கவேண்டும். அயர்லாந்தும் 2013இல் வீட்டு வரியைக் கொண்டுவந்தபோது வருமானம் குறைந்தவர்களுக்கு இதே வசதியை வைத்தது. எங்களுக்கு ஏற்றாற்போல் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு கோடி வரை முழு விலக்கு, அதற்கு மேல் ஆண்டுக்கு 0.2 சதவீதம் என்று வைப்போம். இரண்டு கோடி பெறுமதியான வீட்டுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபா. அந்த அம்மா பதினைந்து ஆண்டு பின்போட்டால் மூன்று இலட்சம், சிறிய வட்டியையும் சேர்த்தாலும் வீட்டு விலையில் இரண்டு மூன்று சதவீதத்துக்குள்தான். அவர் கையிலிருந்து ஒரு ரூபா போகாது. பிற்காலத்தில் அந்த வீட்டை எடுக்கப்போகும், டொலரில் சம்பளம் வாங்கும் பிள்ளைகள் கட்டுவார்கள். இதில் யாருக்கு அநியாயம்?

உவர்மலைப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை கோணேசர் திருவிழாவுக்கு வந்து திறப்பார்கள், மிச்ச நாள் ஒரு ஆள் காவல். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை கடற்கரைக் காணிகளை வாங்கி வேலி அடைத்துவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களில் பலர் இந்த ஊரிலேயே இல்லை. வற்றால் இவர்களைத் தொட முடியாது, சம்பள வரியாலும் முடியாது. காணியைத் தூக்கிக்கொண்டு யாரும் விசாவுக்குப் போகமுடியாது.

இனி இந்த வழியின் பெரிய முட்டுக்கட்டை. அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தில் காணி, கட்டடம் மீதான வரி மாகாண சபைப் பட்டியலில் இருக்கிறது. அந்தச் சிக்கலுக்குப் பயந்துதான் கொழும்பில் வீட்டு வாடகையை ஊகித்து வருமான வரிபோல் அறவிடும் வேறொரு முறையைப் பற்றிப் பேசினார்கள். கிழக்கு மாகாண சபையின் கட்டடம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது, அன்றிலிருந்து தேர்தல் இல்லை, ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். அதிகாரப் பகிர்வு என்று மேடையில் எவ்வளவோ பேசுகிறோம், வரி போட்டுத் தன் முதியவர்களைத் தானே பார்க்கக்கூடிய ஒரு அதிகாரம் ஏற்கெனவே எழுத்தில் கிடக்கிறது, பிரயோகிக்க ஆளில்லை. இது எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சல்.

இன்னொரு முட்டுக்கட்டை காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம். யுத்தத்தில் உறுதி தொலைந்தவர்கள், அரசாங்கம் அனுமதிப் பத்திரத்தில் மட்டும் கொடுத்த பெர்மிட் காணியில் மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், இடம்பெயர்ந்து திரும்பியபோது தன் வளவில் வேறொருவரைக் கண்டவர்கள் என்று இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ உரிமை இல்லாதவரிடம் காணி வரி கேட்கக்கூடாது. பெர்மிட்டை முழு உரித்தாக்கும் வரை அந்தக் காணிகளுக்கு வரியே வேண்டாம் என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். கணக்கெடுப்புக்கு வருகிற விலை மதிப்பீட்டாளர் தமிழ் தெரிந்தவராக, ஆட்சேபம் சொல்ல உள்ளூரிலேயே இடமுள்ளதாக இருக்கவேண்டும். இதெல்லாம் செய்யாமல் வரியைக் கொண்டுவந்தால் நானே எதிர்ப்பேன்.

ஓய்வு வயதைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அரச சேவையில் 65 என்று ஏற்றி, 2022இலேயே திரும்ப 60க்கு இறக்கினார்கள். தனியார் துறைக்கு 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இளையவர்களுக்கு 60 என்று வைத்தது. மேசை வேலைக்காரருக்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டு ஏற்றலாம், மெதுவாக ஏற்றவும் வேண்டும். வலை இழுப்பவருக்கும் மேசனுக்கும் 60இல் இடுப்பு விட்டுவிடும், அவர்களை இதில் சேர்க்கவே கூடாது. பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவினரே வேலைச் சந்தையில் இருக்கும் நாட்டில், வயதானவரை இழுத்துவைப்பதைவிட வேலை கேட்டு நிற்கும் பெண்களுக்கு வழி செய்வது வரிக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

காணி வரியில் வரும் காசை எங்கே போடுவது என்பதில் எனக்கு ஒரே பிடிவாதம்தான். அது அந்த ஒரே பெட்டிக்குள் போகக்கூடாது. பென்ஷன் இல்லாத, 70 வயதைத் தாண்டிய எவருக்கும் ஏழையா இல்லையா என்று வீடு வீடாக ஆராயாமல் மாதம் 10,000 ரூபா கொடுப்பதற்கென்று ஒதுக்கவேண்டும். ஒவ்வொரு ஒரு இலட்சம் பேருக்கும் ஆண்டுக்கு 1,200 கோடி ரூபா வேண்டும். பெரிய காசுதான், ஒரே ஆண்டில் எல்லோருக்கும் முடியாது. 80 வயதுக்காரரில் தொடங்கி, வரி சேரச் சேர 75, பிறகு 70 என்று இறங்கலாம். மாகாண சபைத் தேர்தல் என்று ஒன்று வந்து வேட்பாளர் உங்கள் கேற்றடியில் நின்றால், கோணேசர் கோயில் காணியைப் பற்றிக் கேட்கும் அதே மூச்சில் இதையும் கேளுங்கள்: பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு எவ்வளவு வரி போடுவாய், அந்தக் காசில் எத்தனை முதியவருக்குக் கொடுப்பாய்?